வீட்டு வாயிலும் கட்டணமும்
பிரித்தானியத் தொலைக்காட்சி அனுமதிப்பத்திரக் கட்டணம் பற்றிய பொதுமக்களின் மனக்குறை: ஒரு வரலாற்று நோக்கு

வரி செலுத்துவோர் முணுமுணுப்பதும் வரி பெறுவோர் அதனைக் கேளாதிருப்பதும் எல்லா நாடுகளுக்கும் பொதுவான நிகழ்ச்சிகள். இக்காரணத்தினாலேயே வரலாற்றாசிரியர் பலர் அம்முணுமுணுப்பைப் பொருட்படுத்துவதில்லை. கிளர்ச்சியாக வெடித்த எதிர்ப்புகள் வரலாற்று நூல்களில் இடம்பெறுகின்றன. பத்திரிகைக்கு எழுதிய கடிதத்துடனும் அயலவரோடு பேசிய பேச்சுடனும் நின்றுவிட்ட மனக்குறைகள் மறக்கப்படுகின்றன. எனினும், நீண்டகாலமாக ஒரே பொருள் பற்றி மக்கள் முணுமுணுத்து வருவாராயின், அம்முணுமுணுப்பின் அடியில் பணத்தைக் கடந்த வேறொரு காரணமும் இருத்தல் கூடும். அத்தகைய ஒரு மனக்குறையினையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

பிரித்தானியாவில் வானொலிக்கென 1922ஆம் ஆண்டிலும் தொலைக்காட்சிக்கென 1946ஆம் ஆண்டிலும் அனுமதிப்பத்திரக் கட்டணம் விதிக்கப்பட்டது. அன்று முதல் இக்கட்டணம் பற்றிய குறைகூறல் ஓய்ந்ததில்லை. இக்குறைகூறலைக் கூர்ந்து நோக்குமிடத்து, அதனுள் இருவேறு முறைப்பாடுகள் பின்னிக் கிடப்பதைக் காணலாம். ஒன்று, கட்டணம் அதிகம் என்பது. மற்றையது, எமது வீட்டினுள் என்ன பெட்டி இருக்கின்றது, அதில் நாம் எதனைப் பார்க்கின்றோம் என அறிய அரசுக்கு என்ன உரிமை என்பது. முதலாவது முறைப்பாடு கட்டணம் உயருந்தோறும் எழுந்து அடங்குவது. இரண்டாவது முறைப்பாடோ வானொலிக்கும் முற்பட்டது. அதன் வேர்களை அறிய நாம் பதினேழாம் நூற்றாண்டுக்குச் செல்ல வேண்டும்.

அடுப்பும் சாளரமும்

இரண்டாம் சாள்ஸ் மன்னனின் ஆட்சியில், 1662ஆம் ஆண்டில், இங்கிலாந்திலே அடுப்பு வரி என்றதொரு வரி விதிக்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டிலும் உள்ள கணப்படுப்பு ஒன்றுக்கு ஆண்டுதோறும் இரண்டு சிலிங் செலுத்துதல் வேண்டும். வரியின் தொகை பெரிதன்று. மிக வறியோர் விலக்கும் பெற்றிருந்தனர். ஆயினும் இவ்வரி மக்களாற் பெரிதும் வெறுக்கப்பட்டது. அடுப்புகளின் தொகையைத் தெருவில் நின்று அறிய இயலாது. எனவே வரி உத்தியோகத்தர் வீட்டினுள் நுழைந்து எண்ண வேண்டியதாயிற்று. 'புகைபோக்கிக்காரர்' என மக்கள் இவர்களை ஏளனமாக அழைத்தனர். 1689ஆம் ஆண்டில் மூன்றாம் வில்லியமும் மேரியும் அரியணை ஏறியதும் இவ்வரி நீக்கப்பட்டது. யாரென்று அறியாத அந்நியர் ஒவ்வொருவர் வீட்டிலும் விரும்பியவாறு புகுந்து தேடுவதற்கு இடமளித்தமையால் இவ்வரியை மக்கள்மேற் பொறித்த அடிமைச் சின்னமாக அதனை நீக்கிய சட்டமே வருணித்தது. வரியின் பளுவிலும் பார்க்க அதனை அறவிடும் முறையே சட்டத்தின் வாசகத்திற் கண்டிக்கப்பட்டமை நாம் மனங்கொள்ளத்தக்கது.

அரசுக்குப் பணத்தேவை குறையவில்லை. ஏழாண்டுகள் கழித்து, 1696ஆம் ஆண்டில், சாளர வரி விதிக்கப்பட்டது. சாளரங்களை வெளியில் நின்றே எண்ணிவிடலாம். வீட்டினுட் புக வேண்டியதில்லை. இவ்வரி 1851ஆம் ஆண்டு வரை நீடித்தது. வரியைத் தவிர்க்கச் சாளரங்களைச் செங்கல் வைத்து அடைத்த வீடுகள் அந்நாட்டிற் பல. வெளிச்சத்தையும் காற்றையும் இழந்தேனும் வரியைக் குறைக்க மக்கள் முற்பட்டனர். எனினும், அடுப்பு வரியை இருபத்தேழு ஆண்டுகளுள் நீங்கிய நினைவாக மாற்றிய அரசு, சாளர வரியை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அறவிட முடிந்தது. வெளியில் நின்று எண்ணும் வரி, உள்ளே நுழைந்து எண்ணும் வரியினும் நீண்டகாலம் சகிக்கப்பட்டது எனலாம்.

வீடு பற்றிய ஆங்கிலேயச் சட்டச் சிந்தனையும் இவ்வழியே வளர்ந்தது. ஒருவனுடைய வீடு அவனுக்குக் கோட்டை போன்றது என்னும் கருத்து 1604ஆம் ஆண்டின் செமெய்ன் வழக்கு வாயிலாகவும் எட்வேட் கோக்கின் எழுத்துக்கள் வாயிலாகவும் நிலைபெற்றது. 1765ஆம் ஆண்டில், என்ரிக் என்னும் எழுத்தாளரின் வீட்டை உடைத்து அவருடைய தாள்களைக் கவர்ந்த அரச தூதுவர்களின் செயல் சட்டத்துக்கு முரணானதெனக் கம்டன் பிரபு தீர்ப்பளித்தார். சட்டத்தில் அதிகாரம் இல்லாதவிடத்து அரசின் தேவை மாத்திரம் கதவைத் திறக்கும் சாவியாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். இத்தகைய மரபில் வந்த மக்களிடமே இருபதாம் நூற்றாண்டில் வானொலிப் பெட்டியின் பெயரால் அரசு மீண்டும் கதவைத் தட்டிற்று.

வானலையும் பத்துச் சிலிங்கும்

1904ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், கம்பியில்லாக் கருவி எதனையும் தபால் மா அதிபரின் அனுமதியின்றி வைத்திருத்தலாகாது என விதித்தது. பிரித்தானியாவில் தபால் மா அதிபர் என்பது அக்காலத்தில் ஓர் அமைச்சர் பதவி. அச்சட்டம் கப்பல்களையும் கரையோர நிலையங்களையும் மனங்கொண்டே இயற்றப்பட்டது. பொதுமக்கள் தம் வீட்டில் இருந்து இசை கேட்கும் காலம் அப்போது எவருடைய எண்ணத்திலும் இல்லை. ஆயின், 1922ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் பிரித்தானிய ஒலிபரப்புக் கம்பனி அமைந்தபோது, முன்னைய சட்டமே புதிய பயனுக்கு உதவிற்று. அவ்வாண்டு நவம்பர் முதல் வானொலி கேட்போர் ஆண்டுக்குப் பத்துச் சிலிங் கட்டி அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என அறிவிக்கப்பட்டது. கட்டணத்தின் ஒரு பாதி கம்பனிக்குச் சென்றது.

முதலாண்டிலேயே இடர் தோன்றியது. கம்பனியின் முத்திரை பொறித்த பெட்டிகளுக்கே சாதாரண அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் உதிரிப் பாகங்களை வாங்கித் தாமே பெட்டிகளை அமைத்துக்கொண்டனர். இவர்களுக்கு ஏற்ற அனுமதிப்பத்திரம் யாதென அஞ்சற் திணைக்களத்துக்கே தெளிவிருக்கவில்லை. சட்டத்தை மீறும் எண்ணம் சிறிதும் இல்லாதோரும் சட்டத்தை மீறியோராயினர். 1923ஆம் ஆண்டிற் சேர் பிரெட்றிக் சைக்ஸ் தலைமையில் அமைந்த குழு இச்சிக்கலை ஆராய்ந்தது. அதன்பின் அவ்வாண்டு ஒக்ரோபரில், தாமே பெட்டி அமைப்போருக்கென ஒன்றும், ஏற்கெனவே அனுமதியின்றி வைத்திருந்தோருக்கென ஒன்றுமாகப் பதினைந்து சிலிங் அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டன. சில வாரங்களுக்குள் அனுமதிப்பத்திரம் பெற்றோரின் தொகை விரைந்து உயர்ந்தது. மக்கள் கட்டணம் கட்ட மறுத்தமையினும், எதனைக் கட்டுவது என்று அறியாதிருந்தமையே அதுவரை பெருந்தடையாக இருந்தது என்பது இதனாற் புலனாகின்றது. மறு ஆண்டில் எல்லோருக்கும் பத்துச் சிலிங் என்னும் ஒரே முறை வந்தது.

இக்கட்டணத்துக்குச் சார்பான வாதம் வலுவானதே. விளம்பரதாரருக்கு அடிமையாகாமலும், அரசின் திறைசேரியிடம் ஆண்டுதோறும் கையேந்தாமலும் ஒலிபரப்பு நிறுவனம் ஒன்று இயங்க வேண்டுமாயின், கேட்போரே அதற்குப் பணம் தருதல் வேண்டும். 1927ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி அரச பட்டயத்தின் வழி கூட்டுத்தாபனமாக மாறிய பி.பி.சி. இவ்வாதத்தின் மீதே தன் சுதந்திரத்தை நிறுவிக்கொண்டது. 1939இல் அனுமதிப்பத்திரங்களின் தொகை ஏறத்தாழத் தொண்ணூறு இலட்சத்தை எட்டியது. பத்துச் சிலிங் என்னும் கட்டணம் 1946 வரை மாறவேயில்லை. இலங்கையிலும் 1925ஆம் ஆண்டில் ஒலிபரப்புத் தொடங்கிய பின்னர் வானொலிப் பெட்டிக்கு அனுமதிப்பத்திரம் பெறும் வழக்கம் பிரித்தானிய முறையைப் பின்பற்றியே ஏற்பட்டது என்பதை எமது முதியோர் அறிவர்.

இம்முறைக்கு விலக்களிக்கும் முதற் சட்டமும் விரைவில் வந்தது. 1926ஆம் ஆண்டுச் சட்டமொன்று பார்வையற்றோருக்குக் கட்டணமின்றி அனுமதிப்பத்திரம் வழங்க வழிசெய்தது. இரக்கத்திற் பிறந்த இச்சலுகையைப் பெறுதற்கும் ஒருவர் தமது உடற்குறையை அதிகாரிகளிடம் சான்றுடன் நிறுவ வேண்டியிருந்தது. விலக்கு எங்குண்டோ அங்கு விசாரணையும் உண்டு. இவ்வுண்மையை மேலும் எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து நாம் மீண்டும் சந்திப்போம்.

தெருவில் நின்ற வண்டி

1946ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், போரின் காரணமாக நிறுத்தப்பட்டிருந்த தொலைக்காட்சிச் சேவை மீண்டும் தொடங்கிற்று. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் சேர்த்து இரண்டு பவுண் கட்டணம் விதிக்கப்பட்டது. தொடக்கத்தில் இவ்வனுமதிப்பத்திரத்தைப் பெற்றோர் சில ஆயிரவரே. 1953ஆம் ஆண்டு ஜூன் 2ஆந் திகதி நடைபெற்ற எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவை இரண்டு கோடிக்கும் அதிகமானோர் தொலைக்காட்சியிற் கண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் அயலவர் வீட்டிற் கூடியிருந்தே கண்டனர். அதன்பின் பெட்டி வாங்குவோர் தொகை பெருகியது. அனுமதிப்பத்திரம் வாங்காதோர் தொகையும் பெருகியது.

அடுப்பு வரியாளர் எதிர்நோக்கிய பழைய இடரையே அஞ்சற் திணைக்களமும் எதிர்நோக்கியது. பெட்டி வீட்டினுள் இருக்கின்றது; அதனை எண்ணுவது எவ்வாறு? 1920களிலேயே வானொலிப் பெட்டிகளைக் கண்டறியும் வண்டிகளை அத்திணைக்களம் மக்களுக்குக் காட்டியிருந்தது. 1952ஆம் ஆண்டு பெப்ரவரியில் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கண்டறியும் வண்டி காட்சிக்கு வைக்கப்பட்டது. அதன் கூரையில் வளையவடிவ அலைவாங்கிகள் இருந்தன. பெட்டியின் படக்குழாயில் மின்னணுக்கற்றையை இடமும் வலமுமாக இழுக்கும் மின்சுற்றிலிருந்து ஒரு காந்தப்புலம் கசிகின்றது. வண்டி அதனை உணர்ந்து பெட்டி இருக்கும் திசையை அறியும். பிற்கால வண்டிகள், அலைவரிசையைத் தெரிவதற்காகப் பெட்டியினுள் இயங்கும் அலைவாக்கியின் மெல்லிய கதிர்வீச்சைத் தேடின. பெட்டி உண்டு என்பதுடன், எந்த அலைவரிசை பார்க்கப்படுகின்றது என்பதையும் அக்கதிர்வீச்சு காட்டிக்கொடுக்க வல்லது.

சாளர வரியும் கண்டறியும் வண்டியும் ஒரே தர்க்கத்திற் பிறந்தவை. இரண்டும் தெருவில் நின்று எண்ணுபவை. இரண்டும் வாயிற்படியைத் தாண்டாதவை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சாளரம் எவருக்கும் தெரியும்படி அமைக்கப்படுவது. பெட்டியிலிருந்து கசியும் அலையோ, அதன் உரிமையாளருக்கே தெரியாதது. கதவைப் பூட்டித் திரைச்சீலையை இழுத்துவிட்ட ஒருவர் தமது வீட்டினுள் நடப்பது வெளியே தெரியாது என நம்புகின்றார். வண்டி அந்நம்பிக்கையைக் குலைத்தது. அதனை நகைப்புக்குரிய பொருளாகவும் அச்சத்துக்குரிய பொருளாகவும் மக்கள் ஒருங்கே நோக்கியமைக்கு இதுவே காரணம் எனலாம்.

வண்டியின் மெய்யான பயன் அச்சமூட்டுதலே என்பது பின்னாளில் வெளிப்படையாயிற்று. தகவலறியும் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னர், வண்டிகள் எத்தனை, அவை இயங்கும் முறை யாது எனக் கேட்டோருக்கு பி.பி.சி. விடையளிக்க மறுத்தது. விடையளிப்பின் கட்டணம் செலுத்தாதோர் கொள்ளும் அச்சம் குறைந்துவிடும் என்பதே கூறப்பட்ட காரணம். வீட்டைப் பற்றி அறிய விரும்பும் நிறுவனம் தன்னைப் பற்றி அறிவிக்க மறுத்தமை மக்களின் மனக்குறையைத் தணிக்க உதவவில்லை.

விற்பனையாளரின் பேரேடு

வண்டி கண்ணுக்குத் தெரிவது. ஆகையால் அது பேசப்பட்டது. அதனினும் ஆழமான மாற்றமொன்று ஓசையின்றி நிகழ்ந்தது. 1967ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், தொலைக்காட்சிப் பெட்டிகளை விற்போரும் வாடகைக்கு விடுவோரும் தம் வாடிக்கையாளரின் பெயரையும் முகவரியையும் அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும் என விதித்தது. இதன்வழி கடைக்காரர் அரசின் கணக்கெழுத்தர் ஆயினர். வீட்டினுள் எட்டிப் பார்க்க வேண்டிய தேவை குறைந்தது. பெட்டி வீட்டை அடையுமுன்னரே அதன் செய்தி அதிகாரியை அடைந்துவிட்டது. இக்கடப்பாடு 2013ஆம் ஆண்டு ஜூன் வரை, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, நீடித்தது.

இதே காலப்பகுதியில் அந்தரங்கம் பற்றிய பொது விவாதமும் பிரித்தானியாவில் எழுந்தது. 1970இற் கெனத் யங்கர் தலைமையில் அமைந்த குழு 1972இல் தன் அறிக்கையை வெளியிட்டது. தனியார் துறையை மாத்திரம் ஆராயவே அக்குழுவுக்கு ஆணை வழங்கப்பட்டிருந்தது. அரசின் கோவைகள் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அரசாங்கத்தின் சார்பில் தொகுக்கப்பட்ட அனுமதிப்பத்திரப் பதிவேடும் அவ்வாறே எல்லைக்கு வெளியில் நின்றது. தகவற் பாதுகாப்புச் சட்டம் 1984இலேயே நிறைவேறியது. பதிவேடு முன்னே சென்றது. அதனைக் கட்டுப்படுத்தும் சட்டம் பதினேழு ஆண்டுகள் பின்னே வந்தது.

இதனிடையே 1971ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி வானொலி அனுமதிப்பத்திரம் ஒழிக்கப்பட்டது. சட்டைப்பையினுள் அடங்கும் திரான்சிஸ்டர்ப் பெட்டிகளும் மோட்டார் வண்டி வானொலிகளும் பெருகிய காலத்தில், யாரிடம் எத்தனை பெட்டி உண்டென எண்ணுதல் பயனற்ற முயற்சியாயிற்று. எண்ண இயலாத பொருளுக்குக் கட்டணம் விதிக்க இயலாது என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சி தந்தது. தொலைக்காட்சிக்கு அப்பாடம் பொருந்துங் காலம் பின்னர் வந்தது.

1975: ஆறு பவுண் வழக்கு

கட்டணம் பற்றிய முறைப்பாடும் அரசதிகாரம் பற்றிய முறைப்பாடும் ஒன்றாகச் சந்தித்த நிகழ்ச்சி 1975ஆம் ஆண்டில் இடம்பெற்றது. பணவீக்கம் கடுமையாக இருந்த அவ்வாண்டில், வர்ணத் தொலைக்காட்சிக்கான கட்டணம் ஏப்ரல் முதலாந் திகதி தொடக்கம் 12 பவுணிலிருந்து 18 பவுணாக உயரும் என அரசு அறிவித்தது. பழைய அனுமதிப்பத்திரம் முடிவதற்கு முன்னரே, மார்ச் மாதத்தில், 12 பவுண் கட்டிப் புதிய அனுமதிப்பத்திரம் பெற்றுக்கொண்டோர் ஏறத்தாழ 24,500 பேர். இதனைத் தடைசெய்யும் சட்டம் எதுவுமில்லை. ஆயினும் உள்நாட்டமைச்சு இவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. மேலும் ஆறு பவுண் செலுத்தாவிடின் புதிய அனுமதிப்பத்திரம் இரத்துச் செய்யப்படும் என அக்கடிதங்கள் எச்சரித்தன.

கொங்கிறீவ் என்னும் சட்டத்தரணி இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். முதல் நீதிமன்றில் அமைச்சு வென்றது. மேன்முறையீட்டு நீதிமன்றில் டெனிங் பிரபுவும் அவருடன் அமர்ந்த இரு நீதிபதிகளும் அவ்வாண்டு டிசெம்பரில் ஒருமனதாக அத்தீர்ப்பை மாற்றினர். அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்யும் அதிகாரம் அமைச்சருக்கு உண்டு. ஆனால் சட்டப்படி பெற்ற அனுமதிப்பத்திரத்தை, பாராளுமன்றம் விதிக்காத பணத்தைப் பறிக்கும் கருவியாக அவ்வதிகாரத்தைப் பயன்படுத்த இயலாது என்பதே தீர்ப்பு. பாராளுமன்றத்தின் இசைவின்றிப் பணம் அறவிடுதலைத் தடைசெய்த 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டத்தை டெனிங் பிரபு இதற்கு ஆதாரமாகக் காட்டினார்.

ஆறு பவுண் பற்றிய வழக்கொன்றுக்கு மூன்று நூற்றாண்டு முற்பட்ட அரசியற் சாசனம் துணைநின்றமை வியப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆயின், அடுப்பு வரி ஒழிக்கப்பட்டதும் அதே 1689ஆம் ஆண்டில்தான் என்பதை நாம் நினைவுகூருவோமாயின் அவ்வியப்பு நீங்கும். இசைவின்றிப் பணம் பெறாதே, இசைவின்றி வீட்டினுட் புகாதே என்னும் இரு கோரிக்கைகளும் ஒரே ஆண்டின் ஒரே அரசியல் மாற்றத்திற் பிறந்தவை. இருபதாம் நூற்றாண்டின் முணுமுணுப்பு அவ்விரண்டையும் மீண்டும் எழுப்பியது. முதலாவது கோரிக்கை நீதிமன்றில் வென்றது. இரண்டாவதன் கதி அத்துணைத் தெளிவானதன்று.

கதவைத் திறந்தவர் யார்?

1990ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டத்தின்படி, கட்டணம் அறவிடும் பொறுப்பு 1991ஆம் ஆண்டு ஏப்ரலில் உள்நாட்டமைச்சிடமிருந்து பி.பி.சி.க்கு மாற்றப்பட்டது. பி.பி.சி. அப்பணியை ஒப்பந்தகாரரிடம் ஒப்படைத்தது. அதனால் வாயிலில் வந்து நிற்பவர் அரச உத்தியோகத்தர் அல்லர், நிறுவனமொன்றின் ஊழியர். அவருக்கு வீட்டினுள் நுழையும் உரிமை இல்லை. நீதவானிடமிருந்து தேடுதல் ஆணை பெற்றாலன்றி அவர் வாயிலிலேயே நிற்க வேண்டும். வீட்டார் கதவைச் சாத்திவிடலாம். இவ்விதி கோக்கும் கம்டனும் வகுத்த மரபுக்கு முற்றும் இயைந்ததே. ஆனால் இவ்வுரிமை தமக்கு உண்டென அறிந்தவர் எத்தனை பேர்?

பதிவேட்டின் தன்மையும் மாறியது. பழைய பதிவேடு கட்டணம் செலுத்தியோரின் பட்டியல். கணனிக் காலத்துப் பதிவேடோ நாட்டிலுள்ள ஏறத்தாழ மூன்று கோடி முகவரிகளிலிருந்து தொடங்குகின்றது. அவற்றுள் அனுமதிப்பத்திரம் இல்லாத முகவரி எதுவோ அது விசாரணைக்குரியதாகின்றது. தொலைக்காட்சிப் பெட்டியே இல்லாதோரும் கடிதங்களைப் பெறுகின்றனர். தமக்கு அது தேவையில்லை என அறிவிக்கும்படி கேட்கப்படுகின்றனர். அவ்வாறு அறிவித்தோரும் சில ஆண்டுகளில் மீண்டும் அதனை உறுதிசெய்ய வேண்டியவராகின்றனர். குற்றம் நிறுவப்படும்வரை ஒருவர் குற்றமற்றவர் என்னும் கோட்பாட்டோடு இது முரண்படுகின்றது என்பதே பெட்டியில்லாதோரின் நெடுநாளைய மனக்குறை.

2000ஆம் ஆண்டு நவம்பரில் 75 வயதைக் கடந்தோருக்குக் கட்டணமற்ற அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது. முதியோரின் வயதைச் சரிபார்ப்பதற்காக, அரசின் சமூகப் பாதுகாப்புப் பதிவுகளிலுள்ள தகவல்களை பி.பி.சி.க்கு வழங்க அனுமதிக்கும் தனிச் சட்டமொன்று அதே ஆண்டில் இயற்றப்பட்டது. 1926இற் பார்வையற்றோர் சான்று காட்டியது போன்று, இப்போது முதியோரின் பதிவுகள் ஒரு கோவையிலிருந்து மற்றொரு கோவைக்குச் சென்றன. 2020ஆம் ஆண்டு ஓகஸ்ற் முதல் இச்சலுகை ஓய்வூதியக் கொடை பெறும் வறிய முதியோருக்கு மாத்திரம் எனச் சுருக்கப்பட்டது. அதன்பின் சலுகையை நாடும் முதியவர் தமது வயதை மட்டுமன்றி வறுமையையும் நிறுவ வேண்டியவரானார்.

தண்டனையின் சுமை யார்மீது வீழ்கின்றது என்பது இவ்வாராய்ச்சியின் மிக முக்கியமான வினா. அனுமதிப்பத்திரமின்றிப் பார்த்தல் குற்றவியற் சட்டத்தின்கீழ் 1,000 பவுண் வரை தண்டப்பணம் விதிக்கத்தக்க குற்றம். 2013ஆம் ஆண்டளவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 180,000 பேர் இதற்காக நீதவான் நீதிமன்றுகளில் வழக்குத் தொடரப்பட்டனர். அந்நீதிமன்றுகளின் வழக்குகளிற் பத்தில் ஒன்று இவ்வகையினது எனக் கணிக்கப்பட்டது. குற்றவாளிகளாகக் காணப்பட்டோரிற் பத்துக்கு ஏழு பேரளவினர் பெண்கள். பெண்கள் ஆண்களிலும் அதிகமாகச் சட்டத்தை மீறுகின்றனர் என்பது இதன் பொருளன்று. விசாரணையாளர் வரும் வேளையில் வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் பெண். தட்டப்பட்ட கதவைத் திறப்பவர் அவர். வினாக்களுக்கு விடையளிப்பவரும் அவர். கட்டணம் முகவரிக்கு உரியது. குற்றமோ கதவைத் திறந்தவரின் பெயரிற் பதியப்படுகின்றது.

கதவைச் சாத்தும் உரிமையை அறிந்தவர் சாத்திவிட்டுத் தப்பினார். அறியாதவர் பேசி அகப்பட்டார். அந்தரங்கவுரிமை சட்டப்புத்தகத்தில் எல்லோருக்கும் சமமானது. நடைமுறையிலோ அது கல்வியும் துணிவும் படைத்தோரின் உடைமையாயிற்று. அடுப்பு வரிக் காலத்திலும் உத்தியோகத்தருக்கு அஞ்சாது நின்றோர் எத்தகையோர் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். 2015ஆம் ஆண்டில் டேவிட் பெரி என்னும் மூத்த சட்டத்தரணி அரசின் வேண்டுகோளின்படி இம்முறையினை மீளாய்வு செய்து, அப்போதைய அறவீட்டு முறை நீடிக்கும்வரை குற்றவியல் தண்டனையும் நீடிக்கலாம் என விதந்துரைத்தார். 2020இல் இது பற்றி மீண்டும் பொதுமக்களின் கருத்துக் கேட்கப்பட்டது. 2021இல் அரசு மாற்றமெதுவும் செய்யாது விடயத்தைப் பரிசீலனையில் வைத்தது.

ஜேர்மனி காட்டிய மாற்று வழி

இவ்விடரிலிருந்து மீள வழியே இல்லையா என்னும் வினா எழுதல் இயல்பு. ஜேர்மனியின் அனுபவம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அங்கும் பெட்டியை அடிப்படையாகக்கொண்ட கட்டணமே நெடுங்காலம் நிலவியது. அதனை அறவிடும் பணியை 1976 முதல் கொலோன் நகரிலுள்ள ஒரு மத்திய நிலையம் மேற்கொண்டது. அதன் சார்பிற் சென்ற முகவர்கள் வீடுவீடாகச் சென்று விசாரித்தமை மக்களின் வெறுப்புக்கு இலக்காயிற்று. தன்னைப் பற்றிய தகவல்கள் எவரிடம் எவ்வாறு சேர்கின்றன என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொரு மனிதருக்கும் உண்டென 1983ஆம் ஆண்டு டிசெம்பரில், குடிசனமதிப்பு வழக்கில், அரசியலமைப்பு நீதிமன்று தீர்ப்பளித்த நாடு அது என்பதையும் மறத்தலாகாது.

2013ஆம் ஆண்டு ஜனவரியில் ஜேர்மனி தன் முறையை மாற்றியது. பெட்டி உண்டா இல்லையா என்னும் வினா கைவிடப்பட்டு, ஒவ்வொரு குடியிருப்பும் மாதந்தோறும் 17.98 யூரோ செலுத்த வேண்டும் என விதிக்கப்பட்டது. வீட்டு வாயிலில் விசாரணையாளர் நிற்க வேண்டிய தேவை நீங்கிற்று. ஆனால் எந்தக் குடியிருப்பில் யார் வாழ்கின்றனர் என அறிவதற்காக, வதிவோர் பதிவேடுகளிலுள்ள வயதுவந்தோர் அனைவரின் தரவுகளும் அறவீட்டு நிலையத்துக்கு வழங்கப்பட்டன. முணுமுணுப்பு ஓய்ந்ததா? ஓயவில்லை, அதன் பொருள் மாறிற்று. பெட்டியில்லாதோர் தாம் பெறாத சேவைக்குப் பணம் கொடுப்பதாக வழக்காடினர். தரவுப் பாதுகாப்பாளர் பதிவேட்டு மாற்றத்தைக் கண்டித்தனர். 2018ஆம் ஆண்டு ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்று, இரண்டாவது குடியிருப்புக்கும் ஒருவரிடம் கட்டணம் பெறுதல் தவறு என்று கூறி, ஏனையவற்றில் இம்முறையை ஏற்றுக்கொண்டது.

சுவீடன் 2019இலும் நோர்வே 2020இலும் கட்டணத்தைப் பொது வரிமுறையுடன் இணைத்தன. பிரான்ஸ் 2022இல் அதனை முற்றாக நீக்கியது. இந்நாடுகளில் எவரும் எவருடைய கதவையும் தட்ட வேண்டியதில்லை. எனினும் வருவாய்க்கு அரசை நம்பி நிற்கும் ஒலிபரப்பு நிறுவனம் அரசை அச்சமின்றி விமர்சிக்க இயலுமா என்னும் வினா அங்கு எழுகின்றது. ஓர் இடரின் தீர்வு மற்றோர் இடரின் தொடக்கமாகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிபுகள் புலனாகின்றன. வீட்டினுள் இருக்கும் ஒரு பொருளை அளவுகோலாகக்கொண்டு விதிக்கப்படும் எக்கட்டணமும், அப்பொருள் உண்டென அறியும் ஒரு வழியை வேண்டி நிற்கும். அவ்வழி உள்ளே நுழைதலாக இருக்கலாம். வெளியில் நின்று எண்ணுதலாக இருக்கலாம். விற்பவரின் பேரேட்டைப் பெறுதலாக இருக்கலாம். பதிவேடுகளை இணைத்தலாகவும் இருக்கலாம். ஒவ்வொரு சீர்திருத்தமும் முன்னையதிலும் ஓசை குறைந்தது. ஆனால் ஒவ்வொன்றும் முன்னையதிலும் அதிகமாக அறிந்துகொள்வது. அடுப்பு வரியாளர் வீட்டினுள் வந்தார். ஆயின் அவர் வந்தது வீட்டாருக்குத் தெரிந்தது. இன்றைய பதிவேடு வீட்டினுள் வருவதில்லை. அது அறிந்தது யாதென வீட்டாருக்குத் தெரிவதுமில்லை.

2016ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதல் இணையத்தின் வழியாக பி.பி.சி.யின் நிகழ்ச்சிகளை வேண்டிய நேரத்திற் பார்ப்பதற்கும் அனுமதிப்பத்திரம் அவசியமாக்கப்பட்டது. மறு ஆண்டில், பார்ப்போர் தம்மைப் பதிவுசெய்து உள்நுழையும் முறையும் வந்தது. கையடக்கத் திரையில் எவரும் எங்கும் பார்க்கும் இக்காலத்தில், 1971இல் வானொலிக்கு நேர்ந்தது தொலைக்காட்சிக்கும் நேரும் நிலை உருவாகியுள்ளது. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் 174.50 பவுணாக உயர்ந்த கட்டணம் இம்மாற்றத்தைத் தாங்கி நிற்குமா என்பதை வருங்காலமே கூறவேண்டும்.

பொது ஒலிபரப்பு ஒரு நற்பயன் என்பதை நாம் மறுக்கவில்லை. அதற்குப் பணம் வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. முணுமுணுத்தோரிற் சிலர் கட்டணத்தைத் தவிர்க்கவே அந்தரங்கத்தைத் துணைக்கழைத்தனர் என்பதும் உண்மையே. எனினும், ஒரு கட்டணம் நேர்மையானதா என ஆராயும்போது அதன் தொகையை மாத்திரம் நோக்குதல் போதாது. அதனை அறவிடும் பொருட்டு யாருடைய கதவு தட்டப்படுகின்றது, அக்கதவைத் திறப்பவர் யார், தமது உரிமையை அறியாத காரணத்தால் தண்டனை பெறுபவர் யார் என்பனவற்றையும் நோக்குதல் வேண்டும். 1689இல் ஒரு பாராளுமன்றம் அவ்வாறு நோக்கியது. நோக்கியதும் வரியையே கைவிட்டது. பின்வந்தோர் கைவிட்டது கதவைத் தட்டும் ஓசையை மாத்திரமே. மக்களின் முணுமுணுப்பு இன்றும் ஓயாதிருத்தலுக்குக் காரணம் இவ்விடத்திலேயே தேடத்தக்கது என்பது எமது துணிபு.